அரையாண்டு லீவுல அம்மாவ கடலுக்குக் கூட்டிட்டுப் போகணும்: கோழிக்கோடா, பாண்டிச்சேரியா?

கொலக்கம்பைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் நீலகிரியில குன்னூர் பக்கம் தேயிலை ஃபேக்டரியில வேலை பாக்கறேன். எங்களுக்கு ஏப்ரல் மே எல்லாம் இலை வந்து குவியற நேரம், லீவுன்னு வாயத் திறக்கவே முடியாது, டிசம்பர்ல பனி விழுந்து இலை வரத்து குறையறப்பத்தான் அஞ்சு நாள் கிடைக்கும். பசங்களுக்கும் அப்ப அரையாண்டு லீவு. அம்மாவுக்கு 62 வயசு, முப்பது வருஷத்துக்கு மேல கொழுந்து பறிச்சவங்க, இப்ப முட்டி ரெண்டும் போச்சு, பனிக்காலம் வந்தா ராத்திரி பூரா வலியில முனகறாங்க. எங்க வீடு இருக்கற சரிவுல சாயங்காலம் மூணரைக்கே மலை வெயில மறைச்சுடும். போன வாரம் அம்மா கேட்டது இவ்வளவுதான்: "எங்கயாவது நல்லா வெயில் அடிக்கற ஊருக்கு ஒரு நாலு நாள் கூட்டிட்டுப் போடா, உக்காந்து வெயில் காயணும்." பசங்க கடல் கடல்னு ரெண்டு வருஷமா கேக்கறாங்க. அதனால வெயிலும் வேணும் கடலும் வேணும். மச்சான் கார் தர்றேன்னுட்டார். கோழிக்கோடா பாண்டியான்னு வீட்டுல ரெண்டு கட்சி. போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

நாடுகாணி நண்பன்:
இதுல யோசிக்க என்ன இருக்குங்க, கோழிக்கோடுதான். ஊட்டியில இருந்து கூடலூர், நாடுகாணி, வழிக்கடவு, நிலம்பூர், அப்புறம் கோழிக்கோடு, மொத்தம் 160 கிலோமீட்டர் போலத்தான் வரும். காலைல கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க இருக்கலாம். பாண்டிக்கு குன்னூர்ல இருந்து 400 கிலோமீட்டருக்கு மேல, முட்டிவலி இருக்கற அம்மாவ அவ்வளவு நேரம் கால மடக்கி உக்கார வச்சா போய்ச் சேர்றப்ப அவங்களால இறங்கவே முடியாது.

அத விட முக்கியமான விஷயம் டிசம்பர். அந்த மாசம் காத்து வடகிழக்குல இருந்து வருது. கிழக்குக் கரையில அது கடல்ல இருந்து கரைக்கு அடிக்கும், மழையும் அலையும் சேர்ந்து வரும். அதே காத்து மலையத் தாண்டி மேற்குக் கரைக்கு வர்றப்ப ஈரத்த எல்லாம் அந்தப் பக்கமே விட்டுட்டு வருது, கரையில இருந்து கடலப் பாத்து வீசுது, அதனால அரபிக்கடல் அந்த நேரத்துல குளம் மாதிரி கிடக்கும். வானம் சுத்தமா இருக்கும். பகல்ல 32 டிகிரி வரைக்கும் போகும், ராத்திரி கூட கம்பளி தேவைப்படாது.

பாண்டி ரிட்டர்ன்:
நான் கோத்தகிரி, பாண்டியில ஆறு வருஷம் வேலை பாத்தேன். நண்பன் சொல்ற காத்துக் கணக்கு சரிதான், ஆனா பாண்டியில பேய்மழை அக்டோபர் கடைசியில இருந்து டிசம்பர் முதல் பாதி வரைக்கும்தான், கிறிஸ்துமஸ் நேரத்துல பெரும்பாலும் வெளுத்துடும். அப்ப இருக்கற வெயில் இதமான வெயில், கோழிக்கோடு மாதிரி பிசுபிசுன்னு வேர்க்காது. மலையிலயே இருந்தவங்களுக்கு அந்தப் புழுக்கம் தாங்காது, நம்ம உடம்பு பழகவே ஒரு வாரம் பத்து நாள் ஆகும், நீங்க போறதே நாலு நாள்.

அம்மா கொழுந்து பறிச்சவங்கன்னு சொன்னீங்க. நாலரைக்கே எழுந்து பழகின உடம்பு. பாண்டி கடற்கரைச் சாலைல சாயங்காலத்துல இருந்து காலை வரைக்கும் வண்டிய விடமாட்டாங்க. விடியக்காலைல சமதளத்துல, படி இல்லாம, பள்ளம் இல்லாம, மெதுவா நடந்து போய் ஒரு பெஞ்சுல உக்காந்தா சூரியன் நேரா கடல்ல இருந்து முகத்துக்கு முன்னாடி எழும்பும். மூட்டுக்கு அந்த இளவெயில்தான் வேணும். கோழிக்கோட்டுல காலைல கடற்கரைக்குப் போனா வெயில் முதுகுப்பக்கம் ஊருக்குப் பின்னாடி இருந்து வரணும், கட்டடத்தையும் தென்னை மரத்தையும் தாண்டி எப்ப வர்றது? அம்மா கேட்டது வெயில், அத மறந்துட்டு தூரத்த அளந்துட்டு இருக்கீங்க.

நாடுகாணி நண்பன்:
கிறிஸ்துமஸ் நேரத்துல வெளுத்துடும்னு அவ்வளவு உறுதியா சொல்லாதீங்க அண்ணே. 2011ல தானே புயல் டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுலதான் கரைய கடந்துச்சு, சரியா இந்த லீவு நாள்ல. 2024ல ஃபெஞ்சல் நவம்பர் 30ல பாண்டி பக்கம் ஏறி ஊரே மிதந்துச்சு. வருஷா வருஷம் வரும்னு நான் சொல்லல, ஆனா வயசானவங்களையும் குழந்தைங்களையும் கூட்டிட்டு 400 கிலோமீட்டர் போய் ரூம்ல அடைஞ்சு கிடக்கற வாய்ப்பு அங்க இருக்கு, கோழிக்கோட்டுல ரொம்பக் கம்மி.

அப்புறம் பசங்க கடல்ல கால் நனைக்கணும்ல? நீங்க சொல்ற கடற்கரைச் சாலைல முக்கால்வாசி கருங்கல்லுதான, மணல் எங்க இருக்கு?

பாண்டி ரிட்டர்ன்:
கல்லு போட்டதுக்குக் காரணம் இருக்கு. அந்தக் கரையில மணல் தெற்குல இருந்து வடக்கு நோக்கி நகர்ந்துட்டே இருக்கும், துறைமுகத்துக்காக கடலுக்குள்ள நீட்டிக் கட்டின தடுப்பு அந்த ஓட்டத்த மறிச்சிடுச்சு, தெற்குல மணல் சேந்து வடக்குல இருக்கற ஊர்ப்பக்கம் அரிச்சுப் போச்சு. அப்புறம் கடலுக்கடியில செயற்கைத் திட்டு போட்டு தலைமைச் செயலகம் பக்கத்துல கொஞ்சம் மணலத் திரும்பக் கொண்டு வந்தாங்க, பசங்க அங்க விளையாடலாம். இல்லன்னா சின்ன வீராம்பட்டினத்துல ஈடன் பீச் இருக்கு, சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தர்ற ப்ளூ ஃப்ளாக் சான்று 2021ல வாங்கினது. மணலே இல்லைங்கற மாதிரி பேசாதீங்க.

கேத்தி டீச்சர்:
ரெண்டு பேரும் தண்ணில இறங்கறதப் பத்தி ரொம்ப லேசா பேசறீங்க, எனக்கு அதான் கவலை. நம்ம பசங்களுக்கு நீச்சல் தெரியாது, மலையில எங்க போய் கத்துக்கறது, தண்ணின்னா பைக்காராவும் ஏரியும்தான், அதுலயும் இறங்க விடமாட்டோம். 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் பீச்ல அஞ்சு மருத்துவ மாணவர்கள் அலையில சிக்கி இறந்து போனாங்களே, அன்னைக்கு புயலும் இல்ல மழையும் இல்ல. எங்கயோ தெற்கு இந்தியப் பெருங்கடல்ல உருவான அலை நாள் கணக்குல பயணம் பண்ணி இங்க வந்து கரையில எழும்புது, மீனவங்க அதுக்குக் கள்ளக்கடல்னே பேர் வச்சிருக்காங்க. கேரளாக் கரையிலயும் அது வரும். ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுது, கிளம்பறதுக்கு முன்னாடி நாளும் அன்னைக்குக் காலைலயும் பாத்துட்டு இறங்குங்க.

நாடுகாணி நண்பன் குளம் மாதிரி கிடக்கும்னாரு, அதுலயும் ஒரு ஆபத்து இருக்கு. காத்து கரையில இருந்து கடலுக்கு வீசறப்ப காத்தடிச்ச ட்யூப், மெத்தை, பந்து எல்லாம் குழந்தையோட சேத்து உள்ள தள்ளிட்டுப் போகும், அலையே இருக்காது, அதனால யாரும் கவனிக்க மாட்டாங்க. அதனால ட்யூப் வாங்கிக் குடுக்காதீங்க. முட்டி வரைக்கும் தண்ணி, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவங்க கை, சிவப்புக் கொடி இருந்தா கரையோட சரி. இழுப்புல மாட்டினா கரையப் பாத்து எதிர்த்து நீந்தக்கூடாது, கரைக்கு இணையா பக்கவாட்டுல போய் இழுப்ப விட்டு வெளிய வந்ததும் கரைக்கு வரணும்னு பெரியவங்களாவது தெரிஞ்சு வச்சுக்கோங்க.

எந்த ஊருன்னு கேட்டா, உயிர்காப்பாளர் நிக்கற ஊரு. கோழிக்கோட்டுக்கு வடக்க காப்பாடு பீச் 2020ல ப்ளூ ஃப்ளாக் வாங்குச்சு, கழிப்பறையும் சுத்தமா இருந்துச்சு நான் போனப்ப. வாஸ்கோடகாமா 1498ல வந்து இறங்கினதா கல்லு நட்டிருக்கற இடமும் அதுதான், ஏழாவது எட்டாவது படிக்கற பசங்களா இருந்தா காட்டலாம்.

பெருமாள்மலை:
கொடைக்கானல் பக்கத்துல இருந்து. நாங்க பனிக்கு திருச்செந்தூர்தான் போவோம், கோயிலுக்குக் கோயில் கடலுக்குக் கடல். உங்களுக்கு தூரம் ஜாஸ்தி, அதனால சொல்லல, சும்மா ஒரு வார்த்தை.

சேரம்பாடி மகள்:
எல்லாரும் காத்து மணல்னு பேசறீங்க, நான் வேற ஒண்ணு கேக்கறேன். அண்ணா, உங்க அம்மா 62 வயசு, கொழுந்து பறிச்சவங்க, கொலக்கம்பை பக்கம். இலங்கையில இருந்து தாயகம் திரும்பினவங்களா? எங்க அம்மாவும் அப்படித்தான், நுவரெலியாவுல பொறந்து, அங்க இருந்த தோட்டத் தமிழர்கள இந்தியாவுக்கு அனுப்பின சாஸ்திரி ஒப்பந்தத்துல வந்தவங்க, அதனால கேக்கறேன். அப்படின்னா அவங்க கடலே பாக்காதவங்க இல்ல. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கி மண்டபம் கேம்ப்ல இருந்துட்டுத்தான் மலைக்கு வந்திருப்பாங்க. அப்ப நீங்க கூட்டிட்டுப் போக வேண்டியது ராமேஸ்வரம். 2025 ஏப்ரல்ல புது பாம்பன் பாலமும் திறந்தாச்சு, ரயில் கடல் மேல போறத பசங்க ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாங்க. அம்மா சின்ன வயசுல கால் வச்ச கரைய பேரப்பிள்ளைங்களுக்கு அவங்களே காட்டட்டும். பாண்டியும் கோழிக்கோடும் எப்ப வேணா போகலாம், இத அவங்க நடக்கறப்பவே செய்யணும்.

கொலக்கம்பைக்காரன்:
ஆமாம்மா, ஹட்டன் பக்கம். 1973ல வந்தாங்க, அப்ப பத்து வயசு. தாத்தாவுக்கு அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துல வேலை கிடைச்சு இங்க வந்தவங்க, அதே தோட்டத்துல அம்மாவும் பேர் பதிஞ்சாங்க, இப்ப டான்டீன்னு சொல்றோமே அதான். வீட்டுல அந்தப் பேச்சு எப்பவாவதுதான் வரும். இது எனக்குத் தோணவே இல்ல, உண்மையிலயே. படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

பாண்டி ரிட்டர்ன்:
தங்கச்சி சொல்றது மனசுக்கு சரியாத்தான் படுது, ஆனா நான் ஒத்துக்கல. ராமேஸ்வரம் இன்னும் தூரம், மழை விஷயத்துல பாண்டிக்கு எந்த வகையிலயும் மேல இல்ல, தனுஷ்கோடிய கடல் கொண்டு போனதே 1964 டிசம்பர்லதான். அது போகட்டும். ஒரு அம்மா "வெயில் காயணும்"னு வாயத் திறந்து கேட்டிருக்காங்க, எவ்வளவு நாளைக்கு அப்புறம் தனக்குன்னு ஒண்ணு கேட்டாங்களோ. அத நாம நம்ம ஆசைக்கு வேற ஒண்ணா மாத்தறது நியாயமா? கேம்ப்ல வரிசைல நின்னது, சாமான் தொலைஞ்சது, எதெல்லாம் ஞாபகம் வருமோ.

சேரம்பாடி மகள்:
எங்க அம்மாவ நான் கூட்டிட்டுப் போனேன் அண்ணே. மண்டபத்துல ரோட்டோரம் வண்டிய நிறுத்திட்டு அரை மணி நேரம் பேசாம நின்னாங்க, அப்புறம் அழுதாங்க, அப்புறம் வழி பூரா பேசிக்கிட்டே வந்தாங்க, அம்பது வருஷமா சொல்லாதத எல்லாம் சொன்னாங்க. அதுக்கப்புறம் வீட்டுலயும் அவங்க பேச்சே மாறிடுச்சு. அத வச்சுத்தான் சொல்றேன், புத்தகத்துல படிச்சுட்டுச் சொல்லல.

கேத்தி டீச்சர்:
ரெண்டு பேரும் அந்த அம்மாவ விட்டுட்டு சண்டை போடறீங்க. கொலக்கம்பை தம்பி, கேட்டுருங்க. முடிவா சொல்லாம, ராமேஸ்வரமும் ஒரு வழி இருக்கும்மான்னு சாதாரணமா கேளுங்க.

கொலக்கம்பைக்காரன்:
கேட்டுட்டேன். நேத்து ராத்திரி அடுப்பு பக்கத்துல உக்காந்திருந்தப்ப கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் சொன்னாங்க, "அந்தக் கடல நான் பாத்துட்டேன். கப்பல்ல பூரா வாந்தி எடுத்துக்கிட்டே வந்தேன், எங்க ஆத்தா என் தலைய மடியில வச்சு முக்காட்ட போட்டு மூடிடுச்சு, கடலப் பாத்தா இன்னும் தலை சுத்தும்னு. இறங்கினதும் ஊசி போட்டாங்க, சோறு போட்டாங்க, அதுவும் ஞாபகம் இருக்கு. அது போதும். வேற கடல் இருந்தா அதக் காட்டு." அப்புறம் பசங்கள பாத்து, "உங்கள நான் மூடி வைக்க மாட்டேன், நீங்க நல்லா பாருங்க"ன்னாங்க.

சேரம்பாடி தங்கச்சி, நீங்க கேட்டதாலதான் இந்தப் பேச்சே வந்துச்சு, ரொம்ப நன்றிம்மா. கோழிக்கோடு போறோம். அம்மா பாக்காத கடல் அந்தப் பக்கம்தான் இருக்கு.

சேரம்பாடி மகள்:
சரிண்ணா, அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க, அதுக்கு மேல நான் பேச மாட்டேன். கப்பல்ல வந்த கதை பேசினாங்கள்ல, போன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்க. எங்க அம்மா பேசினத நான் பண்ணாம விட்டுட்டேன்.

நாடுகாணி நண்பன்:
அப்ப வழி சொல்றேன். நடுவட்டத்துல காலைல பனிமூட்டம் கண்ணு தெரியாது, ஏழுக்கு முன்னாடி அந்த இடம் வேணாம். கூடலூர்ல டிபன் முடிச்சுக்கோங்க. நாடுகாணி சுரத்துல, அதான் மலைப்பாதைல, வளைவுக்கு வளைவு பசங்க வாந்தி எடுப்பாங்க, அம்மாவுக்கும் தலை சுத்தற உடம்புன்னு இப்ப தெரியுது, அவங்கள முன் சீட்ல உக்கார வைங்க, சுரம் இறங்கினதும் வழிக்கடவுல பத்து நிமிஷம் நிறுத்துங்க. கோழிக்கோடு பீச்ல பழைய கடல்பாலத்தோட தூண் மட்டும் தண்ணிக்குள்ள நிக்கும், சாயங்காலம் அதுக்குப் பின்னாடிதான் சூரியன் இறங்கும், ஆறு மணி வரைக்கும் வெயில் மேல படும். உப்பிலிட்டதுன்னு நெல்லிக்காய், அன்னாசி, மாங்காய் எல்லாம் உப்புத் தண்ணில ஊற வச்சு விப்பாங்க, பசங்களுக்குப் பிடிக்கும். மிட்டாய்த் தெருவுல அல்வா. பேப்பூர்ல உருன்னு சொல்ற மரக்கப்பல் கட்டறதையும் காட்டுங்க.

பாண்டி ரிட்டர்ன்:
நான் இன்னும் காலை வெயில் கட்சிதான், அத மாத்திக்கல. அதனால ஒண்ணே ஒண்ணு கேளுங்க தம்பி. ரூம் எடுக்கறப்ப கடலப் பாத்த ரூம்னு காசு கூடக் குடுத்து எடுக்காதீங்க, அது மேற்குப் பக்கம், காலைல நிழலா இருக்கும். கிழக்குப் பாத்த பால்கனியோட ரூம் கேளுங்க, தரைத்தளம் இல்லன்னா லிஃப்ட் இருக்கறதா பாருங்க. ஏழரை மணிக்கு பால்கனியில ஒரு நாற்காலி போட்டு அம்மாவ உக்கார வச்சு கால நீட்டிக்க இன்னொரு ஸ்டூல் போட்டீங்கன்னா ஒம்பதரை வரைக்கும் முட்டியில நேரா வெயில் விழும். மத்தியானம் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் வெளிய கூட்டிட்டுப் போகாதீங்க, தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க. பிரஷர் மாத்திரை போடறவங்களா இருந்தா வேர்க்கற ஊருக்குப் போறோம்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.

கொலக்கம்பைக்காரன்:
மாத்திரை போடறாங்கண்ணே, நாளைக்கே கேட்டுடறேன். கிழக்கு பால்கனி, லிஃப்ட், குறிச்சுக்கிட்டேன். ஸ்டூல் இங்க இருந்தே கார்ல போட்டுக்கறேன்.