‘ஆர்ம் வார்மர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்: ‘பனிக்கை’ பற்றிய மடல்கள்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். சாலை மிதிவண்டிப் பந்தயத்துக்கான கலைச்சொல் பட்டியலில் மற்றப் பகுதிகள் ஓரளவு முடிந்துவிட்டன. குளிர்கால உடைகளுக்கு வந்ததும் ஒரே ஒரு சிறு துணியில் தேங்கி நிற்கிறோம். அரைக்கைப் பந்தயச் சட்டை அணிந்தவர், மணிக்கட்டிலிருந்து அக்குளுக்குச் சற்றுக் கீழ்வரை தனியாக இழுத்து மாட்டிக்கொள்ளும் குழல் போன்ற துணி அது. கடையில் ‘ஆர்ம் வார்மர்’ என்று விற்கிறார்கள். வேலூரில் ஓட்டுகிற நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். இதுவரை வந்த பரிந்துரைகள் ஏன் எனக்கு ஒப்பவில்லை என்பதையும், மாற்றாக நான் முன்வைக்கும் சொல்லையும் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

‘கைச்சூடேற்றி’ என்பது ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பெயர்ப்பு. தமிழில் ‘ஏற்றி’ என்று முடிந்தால், நீர்சூடேற்றியைப் போல மின்சாரத்திலோ நெருப்பிலோ வெப்பத்தை உண்டாக்கும் கருவி என்றுதான் பொருள்படும். இந்தத் துணி வெப்பம் எதையும் உண்டாக்குவதில்லை. உடம்பு உண்டாக்கிய வெப்பத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போகாமல் காக்கிறது, அவ்வளவே. ‘கையுறை’ ஏற்கெனவே விரல்களுக்கு உரியதாகிவிட்டது. ‘புயவுறை’ என்றால் முழங்கைக்குக் கீழே உள்ள பகுதி விடுபட்டுப்போகும். ‘கைக்காப்பு’ நல்ல சொல்தான், ஆயினும் எங்கள் பக்கத்தில் காப்பு என்றால் வளையம். அதிலும் கை சேர்ந்தால் திருவிழாவில் காப்புக் கட்டுவதுதான் நினைவுக்கு வரும். ‘வாடையுறை’ என்று எழுதிய நண்பருடைய தமிழ் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் வாடைக்காற்று என்று சேர்த்துச் சொன்னாலொழிய, இன்று வாடை என்ற சொல் கெட்ட நாற்றத்தையே குறிக்கிறது. வியர்வையில் ஊறும் ஒரு துணிக்கு அந்தப் பெயரை வைப்பது தகாது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை, அவை துணியின் பயனைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது. குளிருக்கு முழுக்கைச் சட்டையே போதுமே. தனியாக ஒரு துணி எதற்கு? மலை ஏறும்போது உடம்பு கொதிக்கிறது, அரைக்கையே அதிகம். அதே மலையில் இறங்கும்போது கால்களுக்கு வேலை இல்லை, எதிர்க்காற்று பல மடங்கு, வியர்வையில் நனைந்த தோலின் வெப்பம் சில நிமிடங்களில் பறிபோய்விடும். ஒரே பயணத்துக்குள் இரண்டு பருவம். ஓடும் வண்டியிலேயே மாட்டவும் கழற்றவும், சுருட்டிச் சட்டையின் முதுகுப்புறப் பையில் செருகிக்கொள்ளவும் முடிவதே இந்தத் துணியின் முதன்மையான பயன்.

பந்தய வரலாற்றில் இதற்கு 1988 ஜூன் 5 அன்று நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அன்று, நாளுக்கொரு கட்டமாகப் பல நாள் நடக்கும் இத்தாலியச் சுற்றுப்பந்தயம் (ஜிரோ), ஆல்ப்ஸ் மலையில் 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த காவியா கணவாயைக் கொட்டும் பனியில் கடந்தது. நெதர்லாந்து வீரர் யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு, குல்லாவும் கையுறையும் இல்லாமல் ஏறி, உச்சியை முதல் ஆளாகக் கடந்தார். ஏற்றத்தில் அவருக்கு யாரும் ஈடாகவில்லை. இறக்கத்தில் குளிர் அவரை மடக்கிவிட்டது. வழியில் ஒதுங்கி உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கி வந்து சேர்ந்தார். அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணியினரோ, பனிச்சறுக்கு உடைகள் விற்கும் கடையில் கம்பளித் துணிகளை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்கள். அன்றைய கட்டத்தை எரிக் பிரோய்கிங்க் வென்றாலும், தலைமைக்குரிய இளஞ்சிவப்புச் சட்டை ஹாம்ப்ஸ்டனுக்குக் கிடைத்தது. அந்தப் பந்தயத்தையே வென்ற முதல் அமெரிக்கராக அவர் ஆனார். ஏறும் வலிமை இருவருக்கும் இருந்தது. கையில் துணி இருந்ததும் இல்லாததும்தான் அன்றைய வேறுபாடு என்று நான் கருதுகிறேன்.

காவியா எங்கே, வெயிலுக்குப் பெயர் போன வேலூர் எங்கே என்று கேட்கலாம். சென்ற தை மாதம் நாங்கள் நால்வர் ஏலகிரியில் இரவு தங்கி, விடியற்காலையில் அத்தனாவூரிலிருந்து இறங்கினோம். மலை 1,100 மீட்டர் உயரம். சமவெளியைவிட ஐந்தாறு டிகிரி குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்குள் என் விரல்கள் பிரேக்கை அழுத்த மறுத்தன. முன்னங்கை மயிரில் பனித்துளிகள் மணிமணியாகக் கோத்து நின்றன. கைநடுக்கம் வண்டியின் முன்சக்கரம் வரை இறங்கியது. வளைவில் நிறுத்தி, கூட வந்தவர் கொடுத்த பழைய நாளிதழை மடித்துச் சட்டைக்குள் மார்பில் வைத்துக்கொண்டேன். ஐரோப்பியப் பந்தய வீரர்கள் மலையுச்சியில் கைநீட்டி வாங்கிச் செருகிக்கொள்ளும் அதே உத்திதான். மார்பு பிழைத்தது, கைகளுக்கு நாளிதழ் உதவாது. எட்டரை மணிக்கு வாணியம்பாடியைத் தாண்டும்போது வெயில் முதுகைச் சுட்டது. முழுக்கைச் சட்டை போட்டிருந்தால் அங்கே வெந்திருப்பேன்.

ஊர் திரும்பியதும் லாங்கு பஜாரில் எனக்குப் பழக்கமான தையற்காரரிடம் போனேன். இழுபடும் பனியன் துணியில், மேல்விளிம்பில் எலாஸ்டிக் வைத்து, இரண்டு கைகளுக்கும் குழல் மாதிரி தைத்துத் தரச் சொன்னேன். அவர் என் புயத்தையும் மணிக்கட்டையும் நாடாவால் சுற்றி அளந்து, சீட்டில் எண்களைக் குறித்துவிட்டு, நிமிர்ந்து கேட்டார்: “சட்டை எங்க சார்? கை மட்டுமா தைக்கணும்?”

அந்தக் கேள்வியில்தான் எனக்குச் சொல் கிடைத்தது. தையற்கடையில் ‘கை’ என்றால் உடம்பின் கை மட்டுமில்லை, சட்டையின் கையும்தான். அரைக்கை, முக்கால் கை, முழுக்கை, கை வெட்டுவது, கை ஏற்றுவது என்று நாள் முழுவதும் அவர்கள் பேசுவது துணியைப் பற்றி. அப்படியானால் நாம் தேடும் பொருள் உறையும் இல்லை, கவசமும் இல்லை. சட்டையிலிருந்து பிரிந்து நிற்கும் ஒரு கை.

இதில் ஓர் இலக்கணத் தொல்லை உண்டு. வினையடியோடு ‘கை’ சேர்ந்தால் தொழிற்பெயர் ஆகிவிடும்: வருகை, செய்கை, இடுகை. எனவே ‘அணிகை’ என்றால் அணிதல் என்றே கொள்வார்கள். ‘கழல்கை’ இன்னும் மோசம்; கழல்வது என்றால் தானாக நழுவுவது, அதுவோ மலிவான ஆர்ம் வார்மர்களின் முதல் குற்றம். ‘தனிக்கை’ தணிக்கையோடு குழம்பும். ஆகவே முன்னால் ஒரு பெயர்ச்சொல்தான் வரவேண்டும். மழைச்சட்டை, பனிக்குல்லா என்று பருவத்தைச் சொல்லி உடையைக் குறிப்பது நம் வழக்கம். அந்த வழியில் ‘பனிக்கை’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. நமக்கு இது தேவைப்படும் மார்கழியும் தையும் முன்பனிக் காலமே. கால்சட்டைக்கும் தையற்காரர்கள் ‘கால்’ என்றே சொல்வதால், கால் முழுவதையும் மூடும் துணி ‘பனிக்கால்’ ஆகும். முழங்காலை மட்டும் மூடுவது ‘அரைப் பனிக்கால்’.

பனியன் என்ற சொல்லில் பனி இருப்பதாகச் சென்ற மடல் ஒன்றில் எழுதியிருந்தார்கள். அது தற்செயல் ஒப்புமை. வணிகரைக் குறிக்கும் குஜராத்திச் சொல் ஐரோப்பியர் வாய்வழி உடையின் பெயராகி நம்மிடம் வந்தது. பனிக்கைக்கு அதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
வேலூரிலிருந்து

*

தம்பிக்கு,

வணக்கம். தையற்கடைக் ‘கை’யை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தும் அது எனக்குத் தோன்றவில்லை. ‘பனி’யில்தான் எனக்கு இரண்டு தடைகள்.

முதலாவது, தொழிற்பெயர்த் தொல்லையிலிருந்து நீங்கள் தப்பவில்லை. பனி பெயர் மட்டுமன்று. பனித்தல் என்ற வினையும் உண்டு, அதற்கு நடுங்குதல் என்று பொருள். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பரணர் பாடும் புறநானூற்று 145ஆம் பாட்டில், மயில் ‘பனிக்கும்’ என்று இரங்கியே அவன் கொடுத்ததாக வருகிறது. இரு, படு என்பவற்றிலிருந்து இருக்கை, படுக்கை வருவதுபோல, பனித்தலிலிருந்து பனிக்கை வரும். தமிழ் கற்ற ஒருவர் உங்கள் சொல்லை ‘நடுக்கம்’ என்று படித்தால் அது அவர் குற்றமாகாது.

இரண்டாவது, நம் பனி வேறு, அவர்கள் பனி வேறு. பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ 1980இல் பெல்ஜியத்தின் லியேஜ்–பஸ்தோன்–லியேஜ் பந்தயத்தை வென்ற கதையை என் பேரன் எனக்குச் சொல்லியிருக்கிறான். 174 பேர் தொடங்கி 21 பேர் மட்டுமே முடித்த அந்தப் பந்தயத்தில் கொட்டியது வெண்பனி; ஒன்பது நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றும், விரல்களில் ஏற்பட்ட மரத்துப்போன தன்மை அவரைவிட்டு நீங்கவில்லை என்கிறார்கள். அங்கே கோடைக்காலத்திலும் மலையிறக்கத்தில் இதே துணியை மாட்டுகிறார்களாம். பனியே இல்லாத நாளில் அதைப் பனிக்கை என்பது பொருந்துமா? ‘குளிர்க்கை’ என்றால் என்ன?

வாழ்த்துகளுடன்,
ஆம்பூரிலிருந்து

*

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இரண்டாவது தடைக்கு முதலில் விடை சொல்கிறேன், அது எளிது. இரவுப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தவர் பனி இறங்காத நாளிலும் பனிக்குல்லாதான் போட்டுக்கொள்கிறார். வெயிலுக்குப் பிடித்தாலும் அதை மழைக்குடை என்பவர்கள் இருக்கிறார்கள். பெயர் ஒரு பொருளின் பிறப்பிடத்தைச் சொன்னால் போதும், அதன் எல்லாப் பயன்களையும் சுமக்க வேண்டியதில்லை. ‘குளிர்க்கை’யை நானும் எண்ணிப் பார்த்தேன். அதைச் சொன்னதும் தொட்டால் சில்லென்றிருக்கும் கையே கண்முன் நிற்கிறது. துணி வந்த பிறகும் கை குளிர்ந்தே இருப்பதுபோல் ஒலிக்கிறது.

முதல் தடையைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுதாமல் இருந்தேன். இன்றைய பேச்சில் பனித்தல் என்ற வினை ‘கண்கள் பனித்தன’ என்ற அளவில்தான் வாழ்கிறது. ‘ஒரு சோடி பனிக்கை’, ‘பனிக்கையைக் கழற்று’ என்று வாக்கியத்தில் வந்தால் நடுக்கம் என்று யாரும் கொள்ளமாட்டார்கள் என எழுதத்தான் முதலில் நினைத்தேன். பிறகு நீங்கள் காட்டிய பாட்டே வேறு வழியில் இழுத்தது. ஏலகிரிச் சாலையின் 14 வளைவுகளுக்கும் புலவர்கள் எழுவர், கடையெழு வள்ளல்கள் எழுவர் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவற்றில் ஒன்று பேகன். அன்று காலை நான் கைநடுங்க இறங்கிய பாதை அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் போகிறது. மயில் பனிக்கும் என்று நினைத்துத் துணி கொடுத்தவன் பெயர் நிற்கும் சாலையில், பனிக்கும் கைக்கு மாட்டும் துணியைப் பனிக்கை என்று சொல்வதில் இரண்டு பொருளும் ஒன்றாகவே கூடுகின்றன. பெயர்த்தொடராகப் பிரித்தால் பனிக்கு உரிய சட்டைக்கை. வினையாகக் கொண்டால் அதை அணியச் செய்யும் நடுக்கம். தாங்கள் தடையாகச் சொன்னதை நான் சொல்லின் வேராகக் கொள்ள இசைவு தரவேண்டும்.

தையற்காரரிடம் துணியை வாங்கச் சென்றபோது சொல்லிப் பார்த்தேன். “பனிக்கை ரெடியா அண்ணே?” என்றதும் அவர் எதுவும் கேட்காமல் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இடது கையின் மேல்விளிம்பு சற்று இறுக்கமாக இருந்தது. எலாஸ்டிக்கை அரை அங்குலம் தளர்த்தித் தந்தார். சென்ற ஞாயிறு கணியம்பாடி வழியாக அமிர்தி வரை அணிந்து போய்வந்தேன், நழுவவில்லை.

மறுப்பு இல்லையெனில் பட்டியலில் இவ்வாறு சேர்க்கலாம்: பனிக்கை (பெயர்): அரைக்கைச் சட்டையோடு தனியே மாட்டிக் கழற்றத்தக்க, மணிக்கட்டு முதல் மேற்புயம் வரை நீளும் இழுபடு துணிக்கை, பன்மை பனிக்கைகள், வழக்கு: ஒரு சோடி பனிக்கை. இதன் கீழேயே பனிக்கால், அரைப் பனிக்கால் ஆகிய இரண்டும் வரும்.

பணிவுடன்,
வேலூரிலிருந்து

*

தம்பிக்கு,

சேர்த்துவிடுங்கள். ‘துணிக்கை’ என்பதை மட்டும் ‘துணியாலான கை’ என்று திருத்துங்கள். இலங்கைத் தமிழர் இயற்பியலில் துணிக்கை என்று துகளைச் சொல்கிறார்கள்.

ஆம்பூரிலிருந்து