உதவி தேவை: டாம்வொர்த்தில் மோட்டார்ஹோம். உள்ளே கரண்ட் போய்விட்டது, பிரிட்ஜும் கேஸில் எரியவில்லை

மேற்குசிட்னி_அப்பா (புதன் இரவு 9.40)
வணக்கம். கன்ட்ரி மியூசிக் விழாவுக்காக வாடகை மோட்டார்ஹோமில் (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) இன்றுதான் டாம்வொர்த் வந்தோம். சிட்னியிலிருந்து 400 கிலோமீட்டர் சொச்சம். முருருண்டி தாண்டி மலை ஏறும்போதுகூட ஒரு பிரச்சினையும் இல்லை, பிரிட்ஜ் ஜில்லென்றுதான் இருந்தது. பீல் ஆற்றங்கரையில் கரண்ட் வசதி இல்லாத இடம்தான் கிடைத்தது. 38 டிகிரி வெயில், அதனால் நல்ல மரநிழலாகப் பார்த்து நான்கு மணிக்கு நிறுத்தினோம்.

எட்டரைக்கு விளக்கெல்லாம் மங்கிவிட்டது, தண்ணீர் பம்பும் நின்றுவிட்டது. சரி, பிரிட்ஜையாவது கேஸுக்கு மாற்றுவோம் என்று பார்த்தால், பற்றவைக்கும் அந்த டிக் டிக் சத்தம்கூட வரவில்லை. பேட்டரி ஒரு கோளாறு, பிரிட்ஜ் இன்னொரு கோளாறு என்று நினைக்கிறேன். வண்டியை வாடகைக்கு விட்டவர்கள் போனை எடுக்கவில்லை. உள்ளே பால், தயிர், இரண்டு நாளுக்கான இட்லி மாவு எல்லாம் இருக்கிறது. 1888இலேயே மின்சாரத் தெருவிளக்கு போட்ட ஊர் இது. ஆஸ்திரேலியாவிலேயே முதல் ஊர்களில் ஒன்றாம். எங்கள் வண்டிக்குள் மட்டும் இருட்டு.

பென்டில்ஹில்_வாசி (9.52)
சிலிண்டர் வால்வைப் பாருங்கள். ரெகுலேட்டர் போயிருக்கும்.

மேற்குசிட்னி_அப்பா (9.55)
அடுப்பு நன்றாக எரிகிறதே, இப்போதுதான் காபி போட்டோம்.

கேரவன்_மாமா, மெல்பேர்ண் (10.03)
தம்பி, இரண்டு விசயம் சொல்லுங்கோ. வாகனத்தை நிறுத்தினபிறகு பிறிட்ஜ் எதில ஓடினது? சுவரில இருக்கிற பெட்டியில வோல்ட் எவ்வளவு காட்டுது?

மேற்குசிட்னி_அப்பா (10.07)
ஓட்டும்போது 12 வோல்ட்டில் போட்டிருந்தோம் மாமா. நிறுத்திய பிறகு நான் எதையும் தொடவில்லை. இப்போது 10.7 காட்டுகிறது.

கேரவன்_மாமா, மெல்பேர்ண் (10.21)
அப்ப உங்களுக்கு இரண்டு கோளாறு இல்லை, ஒன்றுதான்.

வீட்டுப் பிறிட்ஜ் மாதிரி இதில கம்பிரசர் கிடையாது. அமோனியாக் கரைசலைச் சூடாக்கித்தான் குளிரை எடுக்கும். அந்தச் சூட்டுக்குக் காஸ், வெளியில இருந்து வாற 240 வோல்ட் கரண்ட், 12 வோல்ட் பற்றரி என்று மூன்று வழி இருக்கு. 12 வோல்ட் வழி எஞ்சின் ஓடேக்க மட்டும்தான். பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் விடாமல் இழுக்கும், 100 ஆம்பியர்-அவர் பற்றரி நாலைஞ்சு மணித்தியாலத்தில பாதி போயிடும். பல வாகனங்களில எஞ்சினை நிப்பாட்டினதும் அந்த இணைப்பைத் தானாக வெட்டிவிட ஒரு ரிலே இருக்கும். உங்கடையில இல்லை, இல்லாட்டி பழுது.

இனிக் காஸ் ஏன் பத்தேல்லை? அடுப்பை நெருப்புக்குச்சியால பத்தவைக்கலாம். ஆனால் பிறிட்ஜில பொறியை விடுறதும் காஸ் வால்வைத் திறக்கிறதும் ஒரு சின்ன மின்பலகை. அதுக்கும் அதே பற்றரிதான். 10.7இல அது எழும்பாது.

முதலில பிறிட்ஜை முழுசா நிப்பாட்டுங்கோ. எஞ்சினுக்குப் பற்றரி வேறை, அதால எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, வோல்ட் 13க்கு மேல வந்தபிறகு காஸில போடுங்கோ. ஒரு அடுப்பையும் கொஞ்ச நேரம் எரியவிட்டால் குழாயில காத்து இருந்தாலும் போயிடும். மூன்று நாலு தரம் முயற்சி பண்ணவேண்டி வரலாம். ஒருக்கா பத்தினால் பிறகு மின்பலகைக்கு மட்டும்தான் பற்றரி, அது பெரிய செலவில்லை.

ஆர்மிடேல்_அக்கா (10.30)
மாமா சொன்னது சரி. எஞ்சினை ஓடவிடும்முன் பின்னால் யாராவது கூடாரம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், புகை நேராக அவர்கள் முகத்துக்குப் போகும். சன்னலையும் மூடுங்கள்.

அப்புறம் அந்த மரம். யூகலிப்டஸ்தானே? வெயில் காலத்தில் காற்றே இல்லாமல்கூடக் கிளை முறிந்து விழும், இங்கே யாரும் அதன் அடியில் தூங்கமாட்டார்கள். கூரையில் சோலார் இருந்தாலும் நிழலில் அது சும்மாதான் கிடக்கும். நாளைக் காலையில் வெளியே எடுத்துவிடுங்கள். பாலுக்கு ஒரு எஸ்கி (ஐஸ் பெட்டி), பெட்ரோல் பங்கில் ஒரு மூட்டை ஐஸ். பத்து வருடமாக இந்த விழாவுக்கு வருகிறேன், நான் பிரிட்ஜை நம்புவதில்லை.

மேற்குசிட்னி_அப்பா (11.18)
எரிந்துவிட்டது!! மூன்றாவது தடவையில். எஞ்சின் ஓடும்போது 13.6 காட்டியது. ஆனால் வண்டி ஆற்றுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, பரவாயில்லையா?

கேரவன்_மாமா, மெல்பேர்ண் (11.26)
பரவாயில்லை என்று விடாதேங்கோ. கரைசல் தன்பாட்டில கீழ இறங்கித்தான் இது வேலை செய்யுது, சரிந்து நின்றால் குளிராது, நாள்படப் பழுதாகும். சில்லுக்குக் கீழ கட்டை வையுங்கோ, போனில நீர்மட்டம் பார்க்கிற செயலி இருக்கு. நாளைக்கு நிப்பாட்டேக்க வாகனத்துக்கு வெளியில, பிறிட்ஜின்ர சூடு போற காற்றுத் துவாரம் மேற்குப் பக்கம் வராமல் பாருங்கோ. பின்னேர வெயில் அதில விழுந்தால் 38 டிகிரியில எந்தப் பிறிட்ஜும் தோற்கும். பெற்றோல் அடிக்கப் போகேக்க காஸை நிப்பாட்டிப்போட்டுத்தான் போகவேணும், உள்ளுக்க நெருப்பு எரியுது என்பதை மறக்காதேங்கோ.

மேற்குசிட்னி_அப்பா (வியாழன் காலை 11.05)
காலையில் வெயிலுக்கு மாற்றி நிறுத்தினேன், சோலார் வேலை செய்கிறது, இப்போது 12.4. பிரிட்ஜுக்குள் 6 டிகிரி. வாடகைக்காரர்கள் கடைசியில் போனை எடுத்தார்கள். அப்படி ஒரு ரிலே உண்டா என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை, 10.7 காட்டிய பெட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், பேட்டரிக்கு என் தலையில் காசு கட்டக்கூடாது பாருங்கள்.

மாவு மட்டும் இரவே பொங்கி, பாத்திரத்தைத் தாண்டி, கீழ்த்தட்டிலிருந்த தக்காளியை மூழ்கடித்துவிட்டது. மிச்சத்தைப் புளித்த தோசையாகச் சுட்டோம். பக்கத்து வண்டியில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் நான்கு சாப்பிட்டுவிட்டு பாஞ்சோ வாசித்துக் காட்டினார். பீல் தெருவில் பாட்டு தொடங்கிவிட்டதாம், கிளம்புகிறோம்.

ஆர்மிடேல்_அக்கா (11.12)
தொப்பி, தண்ணீர் இரண்டும் எடுத்தீர்களா?