கடைசித் தெருவில் டிரைஹாலோமீத்தேன் குறைகிறதே, எப்படி?

பாளை மாணவி:
தாமிரபரணித் தண்ணீரில் குளோரின் போட்ட பிறகு, அது இலைமட்கு போன்றவற்றோடு வினைபுரிந்து உண்டாகும் டிரைஹாலோமீத்தேனை (அளவு மீறினால் உடலுக்குக் கெடுதல்) முன்கூட்டிக் கணிப்பதுதான் என் ப்ராஜெக்ட். பாளை, மேலப்பாளையம், தச்சநல்லூர் குழாய்களில் மாதிரி எடுக்கிறேன். குழாயில் நேரம் ஆக ஆக அதன் அளவு ஏற வேண்டும். எனக்குத் தலைகீழ்! டேங்க் பக்கத்தில் அதிகம், கடைசித் தெருவில் அதில் பாதிகூட இல்லை. மீதக் குளோரின்தான் (வினைபுரியாமல் தண்ணீரில் மிச்சமிருப்பது) முக்கியக் காரணி என்று என் கணினி மாடல் அடித்துச் சொல்கிறது. நம்பலாமா?

ஆத்தங்கரை:
கடைசித் தெருவில் வீட்டுக் குழாயா? மாடித் தொட்டியில் கிடந்த தண்ணீர் என்றால் டிரைஹாலோமீத்தேன்களில் ஒன்றான குளோரோஃபார்ம் பறந்திருக்கும். குப்பியில் காற்றுக்குமிழி நின்றாலும் இதே கதைதான்.

பாளை மாணவி:
எல்லாம் தெருக்குழாய்தான் அண்ணாச்சி. குப்பியைக் கவிழ்த்தும் பார்த்தேன், குமிழி இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து வாரம் ஒருமுறை மதுரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறேன்.

பழைய லேப்காரர்:
குப்பியில் குளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட் போட்டீர்களா?

பாளை மாணவி:
இல்லையே. குளிரில் வைத்தால் போதும் என்று நினைத்தேன்.

பழைய லேப்காரர்:
அங்கேதான் பிடி இருக்கிறது. குளோரின் குப்பிக்குள்ளும் வேலை செய்யும். ஐஸ் அதை மெதுவாக்கும், நிறுத்தாது. டேங்க் பக்கத்துத் தண்ணீரில் மீதக் குளோரின் நிறைய, அதனால் வாரம் முழுக்க டிரைஹாலோமீத்தேன் ஊறிக்கொண்டே இருந்திருக்கும். கடைசித் தெருவில் குளோரின் தீர்ந்திருக்கும், ஊற ஒன்றுமில்லை. மாடல் பாவம், குப்பிக்குள் நடந்ததைத்தான் படித்திருக்கிறது.

டேங்க் பக்கத்துக் குழாயிலேயே இரண்டு குப்பி பிடியுங்கள். ஒன்றில் மட்டும், 40 மில்லிக்கு 3 மில்லிகிராம் சோடியம் தயோசல்ஃபேட் முன்னாலேயே போட்டு வையுங்கள். வழியவிட்டு மருந்தைக் கழுவிவிடாதீர்கள். குளோரினால் உண்டாகும் இன்னொரு வகையான ஹாலோஅசிட்டிக் அமிலமும் பார்ப்பதாக இருந்தால் அதற்குத் தனிக் குப்பி, தயோசல்ஃபேட்டுக்குப் பதில் அமோனியம் குளோரைடு.

ஆத்தங்கரை:
மாடல் பற்றி ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கலங்கி வரும்போது இலை மட்கிய சாறும் சேர்ந்து வரும். அது எவ்வளவு என்று காட்ட, 254 நானோமீட்டர் புறஊதா ஒளி உறிஞ்சலை அளந்து மாடலுக்குள் கொடுங்கள். தரவைக் கலைத்துப் பிரிக்காமல், கோடைத் தரவில் மாடலுக்குக் கற்பித்து மழைக்காலத் தரவில் சோதியுங்கள்.

பாளை மாணவி:
சரி அண்ணாச்சி. இதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா, 'அப்போ குளோரினே வேண்டாமா?' என்கிறார்.

பழைய லேப்காரர்:
வேண்டும் என்று சொல்லுங்கள். மீதக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கட்டும்; காலரா ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடும். இந்தியத் தரத்தில் குளோரோஃபார்முக்கு வரம்பும் 0.2 மில்லிகிராம்தான்.

பாளை மாணவி (பத்து நாள் கழித்து):
முடிவு வந்தது. மருந்து போடாத குப்பியில் இரண்டு மடங்குக்கும் மேல். பழைய மாதிரிகளை எப்படியாவது காப்பாற்ற முடியுமா?

பழைய லேப்காரர்:
ஒவ்வொன்றும் பெட்டியில் இருந்த நாள் வேறு வேறு. விட்டுவிடுங்கள்.