பச்சோந்தி ஐந்து நாளாகச் சாப்பிடவில்லை, கூட்டில் வைத்த செடிதான் காரணமா?

கீரன்:
வணக்கம். நாங்கள் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். மகன் ஒரு வருடம் நச்சரித்து, ஏப்ரலில் ஒரு யேமன் பச்சோந்தி வாங்கினோம். மூன்று மாதக் குஞ்சு, ஆண் என்று சொல்லித்தான் கடையில் தந்தார்கள். பெயர் முருகேசு. இப்போது எட்டு மாதம். போன கிழமை வரை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிரிக்கெட் பூச்சி விழுங்கினான். ஐந்து நாளாக எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வலைக் கூடு, 2 அடிக்கு 2 அடி, உயரம் 4 அடி. வெயில் காயும் கிளையில் 32 பாகை செல்சியஸ். யூவிபி (புற ஊதாக் கதிர்) குழாய் விளக்கு இருக்கிறது, பூச்சியில் கால்சியம் தூள் தடவித்தான் கொடுக்கிறோம். மூன்று கிழமைக்கு முன் ஒரு மணி பிளான்டும் ஒரு குரோட்டனும் வைத்தேன். மணி பிளான்ட் இலை ஓரத்தில் அரை வட்டமாகக் கடித்த அடையாளம். தேடிப் பார்த்தால் அது நஞ்சு என்று போட்டிருக்கிறது. செடி எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்கிறார் மனைவி. என்ன செய்யலாம்?

வன்னியான்:
தம்பி, குரோட்டனை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அதில் பால் வடியும். மணி பிளான்ட் இருக்கட்டும். அதில் கால்சியம் ஆக்சலேட் இருப்பது உண்மைதான், நாம் கடித்தால் வாய் அரிக்கும். ஆனால் யேமன் பச்சோந்தி பூச்சியோடு இலையும் தின்கிற இனம். என்னுடையது மூன்று வருடமாக அதையேதான் கொறிக்கிறது.

எனக்குச் செடியை விட மண்தான் பயம். கடைத் தொட்டியில் வெள்ளை வெள்ளையாகப் பெர்லைட் உருண்டை, உரக் குருணை, பூச்சிமருந்து எல்லாம் கிடக்கும். அதை விழுங்கினால் வயிறு அடைத்துக்கொள்ளும். வேரைக் கழுவி, உரம் சேர்க்காத மண்ணில் மாற்றி நட்டு, மேலே அது வாயில் போட முடியாத அளவு பெரிய கூழாங்கல் பரப்புங்கள். இலைகளையும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாக அலசுங்கள்.

அப்புறம் மூன்று கேள்வி. எச்சத்தில் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருக்கிறதா, செம்மஞ்சளா? பகலில் கண்ணை மூடுகிறதா? நிறம் மாறியிருக்கிறதா?

செண்பகம்:
நான் லண்டனில் ஒன்று வைத்திருக்கிறேன். கீரன் அண்ணா, ஒரு செவ்வரத்தை வையுங்கள். பூவையும் தின்னும், இலையையும் தின்னும், ஒரு பயமும் இல்லை. மருந்தடிக்காத செடியா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். ஏறி இருக்க ஷெஃப்லேரா நல்லது, கொப்பு உறுதி. அலரியைக் கூட்டுக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

இலை வெறும் அழகுக்கு இல்லை. இதுகள் கிண்ணத்தில் தண்ணீர் குடிப்பது அபூர்வம், இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் வீடு காய்ந்துவிடும், காலையும் மாலையும் கூடுதல் நேரம் தண்ணீர் தெளியுங்கள்.

கீரன்:
நன்றி இரண்டு பேருக்கும். எச்சம் வெள்ளைதான். கண் நன்றாகத் திறந்திருக்கிறது. நிறம்தான்... இரண்டு கிழமையாகக் கரும்பச்சையில் நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் வந்திருக்கிறது. வளர வளர அழகாகிறான் என்று நினைத்தோம். இன்னொன்று, கிளையில் இருப்பதே இல்லை. நாள் முழுக்கக் கூட்டின் அடியில் நடக்கிறான், மூலையைப் பிறாண்டுகிறான்.

வன்னியான்:
பின்னங்காலைப் பாருங்கள். ஆண் என்றால் குதிகாலில் சின்ன முள் போல ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். முட்டையிலிருந்து வரும்போதே இருக்கும்.

கீரன்:
இல்லை. இரண்டு காலிலும் இல்லை.

வன்னியான்:
அப்போ முருகேசு பெண். வயிற்றில் முட்டை, இடம் தேடி அலைகிறாள். ஆண் சேராமலும் இந்த இனம் முட்டை போடும். செடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்றைக்கே ஒரு ஆழமான பிளாஸ்டிக் தொட்டி வாங்கி, கழுவிய மணலை ஓர் அடி உயரத்துக்கு நிரப்புங்கள். கையால் குடைந்தால் சுரங்கம் இடிந்து விழாத அளவு ஈரம் போதும். கூட்டுக்குள் வைத்து, சுற்றித் துணி போட்டு மூடிவிடுங்கள். தோண்டும்போது நீங்கள் எட்டிப் பார்ப்பதைக் கண்டால் பாதியில் விட்டுவிடுவாள். மகனிடமும் சொல்லுங்கள். சோர்ந்து கண்ணை மூடிக் கிடந்தாலோ, தோண்டிவிட்டு முட்டை இடாமல் ஏறி வந்தாலோ காத்திருக்காமல் ஊர்வன பார்க்கிற மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முட்டை உள்ளே தங்கினால் உயிருக்கே ஆபத்து.

சூட்டை 27க்கு இறக்குங்கள். பெண்ணுக்கு 32 அதிகம். சூடும் தீனியும் கூடினால் முட்டையும் கூடும், பத்துப் பன்னிரண்டு என்று கொடுத்ததில் வந்த வினை இது. முட்டை இட்டு உடம்பு தேறிய பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று நான்கு பூச்சி போதும். அந்தப் பூச்சிக்கும் முந்தின நாளே கீரை, கேரட் கொடுங்கள். பட்டினிப் பூச்சியில் ஒன்றுமில்லை.

கரூர் மணி:
அண்ணே, நடுவுல ஒரு சந்தேகம். எங்க தோட்டத்துல ஒரு பச்சோந்தி கிடக்குது. பிடிச்சு வளர்க்கலாமா?

வன்னியான்:
வேண்டாம் தம்பி. அது நம் நாட்டு இனம், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதே குற்றம். தோட்டத்திலேயே இருக்கட்டும்.

கீரன்:
நாலாம் நாள். நேற்று மாலை முழுக்கத் தொட்டிக்குள்தான் இருந்தாள், வால் நுனி மட்டும் தெரிந்தது. இன்று காலை மூக்கெல்லாம் மணலோடு, வயிறு ஒட்டிப்போய், செவ்வரத்தைக் கிளையில் இருக்கிறாள். தண்ணீர் தெளித்ததும் பத்து நிமிடம் விடாமல் நக்கினாள். அப்புறம் கால்சியம் தடவிய பூச்சி ஐந்து. மணலைக் கிளறினால் 38 முட்டை! அடைகாக்கும் பெட்டி வாங்கலாமா என்று மகன் கேட்கிறான்.

வன்னியான்:
ஆண் சேராத முட்டை, பொரிக்காது. எடுத்துப் போட்டுவிடுங்கள். தொட்டியை மட்டும் கழுவி வையுங்கள், மூன்று நான்கு மாதத்தில் திரும்பவும் தேவைப்படலாம்.