இரண்டு பேட்டரி சுற்றில் விடை மைனஸில் வருகிறது, எங்கே தப்பு?

கேள்வி (திருமங்கலம், பிளஸ் டூ)

வணக்கம். மூன்று நாளாக ஒரே கணக்கில் நிற்கிறேன். மின்னோட்டவியல் பாடம், கிர்க்காஃப் விதி. 12 வோல்ட் பேட்டரி ஒன்று, அகமின்தடை 2 ஓம். 6 வோல்ட் பேட்டரி ஒன்று, அகமின்தடை 1 ஓம். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து, அந்த இரு முனைகளுக்கும் நடுவே 6 ஓம் மின்தடை. அதில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு?

முதலில் 12-ஐயும் 6-ஐயும் கூட்டி 18, தடைகளைக் கூட்டி 9, ஆக 2 ஆம்பியர் என்று போட்டேன். அது தொடரிணைப்புக்குத்தான் சரி என்று நண்பன் சொன்னான். அப்புறம் சமன்பாடு எழுதினேன். 12 வோல்ட் பேட்டரியில் 2.4, 6 வோல்ட் பேட்டரியில் −1.2 வந்தது. பேட்டரியிலிருந்து மின்னோட்டம் வெளியேதானே வரும்? அதனால் மைனஸை அடித்துவிட்டு 2.4 + 1.2 = 3.6 என்று எழுதினேன். விடைப் பக்கத்தில் 1.2 என்று இருக்கிறது. வியாழக்கிழமை தேர்வு. யாராவது சொல்லுங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை, திருப்பரங்குன்றம்)

தம்பி, நீ போட்ட கணக்கு சரி. மைனஸை அடித்ததுதான் தப்பு.

உன் 3.6-ஐயே எடுத்துக்கொள். 6 ஓமில் 3.6 ஆம்பியர் ஓடினால் அதன் இரு முனைக்கும் நடுவே 21.6 வோல்ட் இருக்க வேண்டும். சுற்றிலேயே பெரிய பேட்டரி 12 வோல்ட்தான், அதுவும் இணையாக நிற்கிறது. 21.6 எங்கிருந்து வரும்? விடை வந்ததும் இப்படி ஒரு தடவை பெருக்கிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்.

இரண்டு சுற்றுக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட எனக்குப் பிடித்த வழி இது. மேலே மூன்று கம்பியும் சேரும் சந்தியின் மின்னழுத்தத்தை ‘ம’ என்று வை. கீழ்ச் சந்தி பூஜ்யம். சந்திக்கு வரும் ஓட்டமும் அதிலிருந்து போகும் ஓட்டமும் சமம் என்பதுதான் கிர்க்காஃபின் முதல் விதி. அதனால் பேட்டரிகளிலிருந்து வருவதெல்லாம் 6 ஓம் வழியாகப் போயாக வேண்டும்:

(12 − ம)/2 + (6 − ம)/1 = ம/6

ஆறால் பெருக்கினால் 36 − 3ம + 36 − 6ம = ம. அதாவது 72 = 10ம, ம = 7.2 வோல்ட். இனி ஒவ்வொன்றாக எடு. பெரிய பேட்டரி: 4.8/2 = 2.4. சின்னது: (6 − 7.2)/1 = −1.2. மின்தடை: 7.2/6 = 1.2. சந்திக்கு 2.4 வருகிறது, அதில் 1.2 மின்தடைக்கும் 1.2 சின்ன பேட்டரிக்குள்ளும் போகிறது. நீ அம்புக்குறியை வெளியே பார்க்கப் போட்டாய், ஓட்டம் உள்ளே போகிறது. அதைத்தான் அந்த மைனஸ் சொல்கிறது.

கிர்க்காஃப் 1845-இல் இந்த விதிகளை எழுதியபோது அவருக்கு 21 வயது, கோனிக்ஸ்பெர்க்கில் மாணவர். உன்னைவிட நான்கைந்து வயதுதான் கூட. பயப்படாதே.

கேட்டவர்

நன்றி டீச்சர். இப்போது 1.2 வருகிறது. ஆனால் பேட்டரிக்குள் மின்னோட்டம் போனால் அதற்கு என்ன ஆகும்?

பதில் (பேட்டரி கடை, சிம்மக்கல்)

தம்பி, அதைத்தான் நாங்கள் நாள் முழுக்கச் செய்கிறோம். அதற்குப் பெயர் சார்ஜ் போடுவது. 12 வோல்ட் பேட்டரியை 12 வோல்ட்டால் ஏற்ற முடியாது, சார்ஜர் 14 வோல்ட் பக்கம் கொடுத்தால்தான் உள்ளே தள்ளும்.

போன வாரம் ஒரு வீட்டில் இன்வெர்ட்டருக்குப் பழைய பேட்டரியோடு புதியதை இணையாக மாட்டியிருந்தார்கள். பழையதில் ஆறு செல்லில் ஒன்று செத்து, 12 வோல்ட் என்று எழுதியிருந்தது 10 வோல்ட்டாகக் கிடந்தது. லோடையெல்லாம் நிறுத்திவிட்டு, பழையதின் பிளஸ் வயரில் கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்விப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கருவி) அதன் அம்புக்குறி வெளியே பார்க்க மாட்டினேன். திரையில் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. வீட்டுக்காரர் மீட்டர் கெட்டுவிட்டது என்றார். கழற்றித் திருப்பி மாட்டிக் காட்டினேன்: கோடு போய்விட்டது, எண் அப்படியே நின்றது. புதிய பேட்டரி இரவும் பகலும் பழையதுக்குள் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பழையதின் பக்கத்தைத் தொட்டால் சுட்டது. அன்றே கழற்றச் சொல்லிவிட்டேன்.

கேட்டவர்

அண்ணே, இது புத்தகத்தில் இல்லை! அப்படியென்றால் சின்ன பேட்டரி எப்போதும் வாங்கிக்கொண்டுதான் இருக்குமா?

ஆசிரியை

இல்லை. 6 ஓமை எடுத்துவிட்டு 1 ஓம் வைத்து நீயே போட்டுப் பார். அப்புறம் 2 ஓம்.

கேட்டவர்

1 ஓமுக்கு ம = 4.8. பெரியதில் 3.6, சின்னதில் பிளஸ் 1.2, மின்தடையில் 4.8. இப்போது சின்னதும் கொடுக்கிறது! 2 ஓமுக்கு ம = 6. சின்னதில் பூஜ்யம் வருகிறது. இரண்டு தடவை போட்டேன், பூஜ்யம்தான். சரியா?

ஆசிரியை

சரிதான். சந்தியிலும் 6, பேட்டரியிலும் 6. தள்ள எதுவும் இல்லாததால் அந்தக் கம்பியில் ஓட்டமில்லை. தேர்வில் மைனஸ் வந்தால் அப்படியே எழுது, பக்கத்தில் ‘எடுத்துக்கொண்ட திசைக்கு எதிர்’ என்று ஒரு வரி சேர்.

பேட்டரி கடை

ஒன்று மட்டும். இதைச் செய்து பார்க்கிறேன் என்று டார்ச் செல்லை எடுக்காதே. அது சார்ஜ் ஏற்றும் செல் இல்லை, சூடாகிக் கசியும். தேர்வு முடிந்ததும் கடைக்கு வா, மீட்டரை உன் கையில் தருகிறேன்.