முதல் ஸ்பிரிண்ட் டிரையத்லான், நீச்சல் கடலில்: 12 வாரம் போதுமா?

பாயான்பாரு ஓட்டக்காரன்

வணக்கம். பினாங்கில் ஒரு ஸ்பிரிண்ட் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அடுத்தடுத்துக் கடலில் 750 மீட்டர் நீச்சல், சைக்கிள் 20 கி.மீ., ஓட்டம் 5 கி.மீ. இன்னும் 12 வாரம் இருக்கிறது. ஓட்டம் 28 நிமிடத்தில் முடியும். தவளை நீச்சலில் 200 மீட்டர் போவேன், ஃப்ரீஸ்டைலில் 50 மீட்டரிலேயே மூச்சு வாங்குகிறது. இருப்பது சாதாரண ஹைப்ரிட் சைக்கிள். வாரம் 6 மணி நேரம் ஒதுக்க முடியும். எப்படிப் பிரிப்பது? ரோட் பைக் (மெல்லிய டயர் வைத்த வேகமான சைக்கிள்) வாங்கியே ஆக வேண்டுமா?

தஞ்சோங் பூங்கா அலை

12 வாரம் போதும், ஆனால் 6 மணி நேரத்தை மூன்றாகச் சமமாகப் பங்கு போடாதீர்கள். முதல் 8 வாரம் நீச்சலுக்கு 3 மணி (மூன்று நாள்), சைக்கிளுக்கு 2, ஓட்டத்துக்கு 1. உங்கள் ஓட்டம் ஏற்கெனவே போதுமானது. அதில் இன்னும் இரண்டு நிமிடம் குறைப்பதைவிட, தண்ணீரிலிருந்து தெம்போடு வெளியே வருவதுதான் முதல் போட்டியில் பெரிய லாபம்.

50 மீட்டரில் மூச்சு வாங்குவதற்குப் பெரும்பாலும் உடல் பலம் காரணமில்லை. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சைப் பிடித்து வைத்திருப்பீர்கள். கரியமில வாயு சேரச் சேர மூச்சு முட்டும். முகம் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க மூக்கால் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். தலையைத் திருப்பும்போது உள்ளிழுப்பது மட்டும்தான் வேலை. தலையைத் தூக்கி மூச்செடுத்தால் கால் அமிழ்ந்துவிடும், அதனால் ஒரு கண் தண்ணீரிலேயே இருக்கட்டும். காலை வேகமாக உதைக்காதீர்கள், அந்தக் கால் பின்னால் சைக்கிளுக்கு வேண்டும்.

முதல் இரண்டு வாரம் 25 மீட்டர் 12 முறை, நடுவில் 30 வினாடி ஓய்வு. பிறகு 50 மீட்டர் 10 முறை. ஐந்தாம் வாரம் 100 மீட்டர் 6 முறை, ஏழாம் வாரம் 250 மீட்டர் 3 முறை, ஒன்பதாம் வாரம் 750 மீட்டர் இடையில் நிற்காமல். முதல் 25 மீட்டரும் கடைசி 25 மீட்டரும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். இதில்தான் பலர் தவறுகிறார்கள்.

கடைசி 4 வாரம், வாரம் ஒருமுறை கடலில் இறங்கிப் பழகுங்கள். பினாங்கு கடல் கலங்கல். நீட்டிய கைகூடச் சரியாகத் தெரியாது, நீச்சல் குளத்தில் இருப்பதுபோல் அடியில் கோடும் இல்லை. 6 முதல் 8 கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேல் கொண்டுவந்து வழி காட்டும் மிதவையைப் பாருங்கள், அப்படியே பக்கவாட்டில் திரும்பி மூச்செடுங்கள். இதைக் குளத்திலேயே பழகிக்கொள்ளலாம். தனியாக மட்டும் இறங்கவே வேண்டாம். இடுப்பில் கட்டும் ஆரஞ்சு மிதவை கட்டாயம். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஜெட் ஸ்கீ ஓடத் தொடங்கும் முன் கரையேறிவிடுங்கள்.

போட்டியன்று கூட்டத்தின் ஓரமாக, பின்னால் நில்லுங்கள். ஹார்ன் அடித்ததும் 10 எண்ணிவிட்டு இறங்குங்கள். பதற்றம் வந்தால் மல்லாந்து படுத்துப் பத்து மூச்சு. தவளை நீச்சலுக்குத் தடை கிடையாது. மிதவையையோ நிற்கும் கயாக்கையோ (சிறு துடுப்புப் படகு) பிடித்து ஓய்வெடுக்கவும் விதி அனுமதிக்கிறது, அதைப் பிடித்து முன்னேறக் கூடாது, அவ்வளவுதான்.

பாலிக் பூலாவ் பெடல்

ரோட் பைக் வேண்டாங்க. மணிக்கு 25 கி.மீ. வேகத்துல 20 கி.மீ.க்கு 48 நிமிஷம், 28ல போனா கிட்டத்தட்ட 43. அந்த அஞ்சு நிமிஷத்துக்காக ஆயிரக்கணக்குல வெள்ளி (ரிங்கிட்) போடுறது முதல் போட்டிக்கு நியாயமே இல்ல. பட்டன் வச்ச டயரா இருந்தா 28 அல்லது 32 மி.மீ. வழவழ டயர் மாத்துங்க, காத்து டயர் பக்கவாட்டுல போட்டிருக்கிற அளவுக்குள்ள இருக்கட்டும். பெடல் கீழ இருக்கும்போது குதிகாலை அதுல வச்சா முழங்கால் நேரா நிக்கணும், அதுதான் சீட் உயரம். பிரேக் கட்டையும் செயினும் கடையில ஒரு தடவ காட்டிடுங்க.

நிமிஷத்துக்கு 85 முதல் 90 சுத்து மிதிச்சுப் பழகுங்க. கனமான கியர்ல அழுத்தினா தொடை அங்கேயே காலி. சுங்கை பூரோங் வயல் பக்கம் ரோடு சமதளம், ஞாயித்துக்கிழமை காலையில நல்லா இருக்கும். தெலுக் பஹாங் மேடு இப்போதைக்கு வேண்டாம்.

அஞ்சாவது வாரத்துல இருந்து வாரக் கடைசியில 15 கி.மீ. சைக்கிள், இறங்கின உடனே 10 நிமிஷம் ஓட்டம். அப்புறம் 20 கி.மீ., 20 நிமிஷம்னு ஏத்துங்க. சைக்கிள் விட்டு இறங்கினதும் கால் மரம் மாதிரி இருக்கும், ஆனா வேகம் குறைவா இருக்கிற மாதிரி தோணி நம்மள அறியாம விரட்டிடுவோம். உங்க வேகம் கி.மீ.க்கு 5 நிமிஷம் 36 வினாடி, முதல் கி.மீ. 6 நிமிஷத்துக்குக் குறையாம போங்க.

இங்க ஏழு மணிக்கு மேலதான் விடியுது. இருட்டுல மட்டும் ஓடிப் பழகினா, போட்டியில வெயில்ல ஓடும்போது தடுமாறும். கடைசி மாசம் ரெண்டு மூணு ஓட்டம் ஒன்பது மணிக்கு வைங்க. சைக்கிள்ல 750 மி.லி. பாட்டில்ல ஓ.ஆர்.எஸ். கலந்து வச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. புகைமூட்டம் வந்து ஐ.பி.யு. (காத்து மாசுக் குறியீடு) 100ஐத் தாண்டினா வெளிய பயிற்சி வேண்டாம்.

ஜெலுத்தோங் அக்கா

மாற்றிடத்தை, அதாவது நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். திரும்பி வந்ததும் சைக்கிளைத் தாங்கியில் மாட்டிய பிறகுதான் வாரைக் கழற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் தண்டனை உண்டு. சைக்கிள் ஏறும் கோட்டைத் தாண்டும் வரை தள்ளிக்கொண்டே போங்கள். ஷூவுக்கு எலாஸ்டிக் லேஸ் போட்டு, வீட்டு வாசலிலேயே பல தடவை ஒத்திகை பாருங்கள் தம்பி.

ஜெல்லி மீன் பட்டால் தேய்க்கக் கூடாது, குழாய்த் தண்ணீரும் ஊற்றக் கூடாது. வினிகரைக் குறைந்தது 30 வினாடி ஊற்றிவிட்டு, ஒட்டியிருக்கும் இழைகளை எடுக்க வேண்டும். நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே 999. கடல் பயிற்சிக்குப் போகும்போது ஒரு பாட்டில் வினிகர் பையில் இருக்கட்டும்.

பாயான்பாரு ஓட்டக்காரன்

எல்லாருக்கும் நன்றி. கடைசி வாரம் என்ன செய்வது? அன்று காலை நாசி லெமாக் சாப்பிடலாமா அக்கா?

ஜெலுத்தோங் அக்கா

வேண்டாம் தம்பி, அந்தத் தேங்காய்ப்பால் சோறு, சம்பல், பொரித்த நெத்திலி எல்லாம் செரிக்க நேரமாகும், தண்ணீரில் குப்புறப் படுத்ததும் மேலே வரும். 7.30க்குத் தொடக்கம் என்றால் ஐந்து மணிக்கு காயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவிய ரொட்டி இரண்டு துண்டு, ஒரு வாழைப்பழம். இதையும் ஒரு வாரக்கடைசிப் பயிற்சிக்கு முன்பே சாப்பிட்டுப் பாருங்கள். கடைசி வாரம் மொத்தம் 3 மணி நேரம் போதும், நடுநடுவே ஒரு நிமிடம் வேகமாகப் போவதை மட்டும் விடாமல். முந்தைய நாள் பத்து நிமிடம் சைக்கிள் ஓட்டி எல்லா கியரும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், எடுத்து வைக்கும்போது இலேசான கியரில் விட்டு வையுங்கள்.