தோட்டா மரக்கட்டைக்குள் புகும் கணக்கு: 198ஆ, 19.8ஆ?

பட்டர்வொர்த் மாணவி:
வணக்கம். கீழ் ஆறாம் படிவம், எஸ்.டி.பி.எம் (மலேசியாவின் ஆறாம் படிவத் தேர்வு) இயற்பியல். வீட்டுப்பாடத்தில் வந்த கணக்கு இது. 20 கிராம் தோட்டா ஒன்று, கயிற்றில் தொங்கும் 1.98 கிலோ மரக்கட்டைக்குள் கிடையாகப் பாய்ந்து உள்ளேயே தங்கிவிடுகிறது, கட்டை 0.20 மீட்டர் உயரம் ஏறுகிறது, தோட்டா வந்த வேகம் என்ன? தோட்டாவின் இயக்க ஆற்றலும் மேலே போனபின் இருக்கும் நிலை ஆற்றலும் சமம் என்று போட்டால் வினாடிக்கு 19.8 மீட்டர் வருகிறது. விடைத்தாளில் 198. சரியாகப் பத்து மடங்கு, ஆனால் தசமப் புள்ளி எங்கேயும் நழுவவில்லை, திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஆற்றல் அழியாது என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதிதானே, இங்கே மட்டும் ஏன் இடிக்கிறது? காரணம் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம்.

செந்தூல் வாத்தியார்:
நல்ல கேள்விம்மா. ஆற்றல் அழியவே இல்லை, ஆனால் நீ சமப்படுத்தியது இயக்க ஆற்றலை மட்டும். தோட்டா மரத்தைக் கிழித்துக்கொண்டு போகும்போது அதில் பெரும்பகுதி சூடாகவும், மரம் நசுங்குவதிலும், சத்தத்திலும் போய்விடும். எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே தெரியாததால் மோதும் கட்டத்தில் ஆற்றல் சமன்பாட்டைத் தொடக்கூடாது, அங்கே மொமெண்டம்தான் (உந்தம், அதாவது நிறை × வேகம்). பின்னால் இருந்து வா. 2.00 கிலோ கட்டை 0.20 மீட்டர் ஏற, கீழே அதன் வேகம் 2 × 9.81 × 0.20 என்பதன் வர்க்கமூலம், அதாவது 1.98. இந்த இடத்தில் ஆற்றல் விதி சரி, ஏனென்றால் மோதல் முடிந்துவிட்டது. அப்புறம் மொமெண்டம்: 0.02 × வேகம் = 2.00 × 1.98. விடை 198.

இப்போது உன் பத்து மடங்குக்கு வருவோம். 198 வேகத்தில் தோட்டாவிடம் இருந்தது சுமார் 392 ஜூல். மோதியபின் மிச்சம் 3.92 ஜூல்தான். நூற்றில் ஒரு பங்கு! இப்படி ஒட்டிக்கொள்ளும் மோதலில், நின்றுகொண்டிருந்த கட்டையில் மிஞ்சும் பங்கு தோட்டாவின் நிறைக்கும் மொத்த நிறைக்கும் உள்ள விகிதமே, இங்கே 0.02க்கு 2.00. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, நூறின் வர்க்கமூலம் பத்து, அதனால்தான் அவ்வளவு சுத்தமாகப் பத்து மடங்கு வந்தது. 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ் இதே அமைப்பை வைத்துத்தான் துப்பாக்கிக் குண்டின் வேகத்தைக் கண்டுபிடிக்கும் வழியை விளக்கினார். பாய்ந்து போகும் குண்டை நேரடியாக அளக்கக் கருவி இல்லாத காலம், ஆடும் கட்டையை நிதானமாக அளக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை.

நிபோங் தெபால் பொறியியல்:
வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன் தங்கச்சி. மொமெண்டமும் எல்லா நேரமும் மாறாமல் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதே. கட்டை உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன் மொமெண்டம் பூஜ்யம், எங்கே போனது? கயிறும் புவியீர்ப்பும் வெளியிலிருந்து இழுக்கின்றன. பினாங்கு ச்சியூ ஜெட்டி படகுத்துறையில் கட்டாத படகிலிருந்து கரையில் கால் வைத்தால் படகு பின்னால் போகும், கயிற்றால் கட்டியிருந்தால் போகாது, அதே விஷயம். மோதல் மிகச் சிறிய நேரத்தில் முடிகிறது, அதற்குள் கட்டை நகர்வதில்லை, கயிறு நேராக நிற்கிறது, கிடைத்திசையில் வெளிவிசை இல்லை. அந்த இடைவெளிக்கு மட்டும்தான் மொமெண்டம் விதி. ஆடும்போது கயிற்றின் இழுவிசை பாதைக்குச் செங்குத்தாகவே இருப்பதால் வேலை செய்யாது, அதனால் அங்கே ஆற்றல். ஆகவே எந்தக் கணக்கானாலும் முதலில் மோதலுக்கு முன், மோதிய உடனே, ஏறி முடித்தபின் என்று மூன்று படம் வரை. எந்த இரண்டு படத்துக்கு நடுவில் எந்த விதி என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும்.

பட்டர்வொர்த் மாணவி:
இப்போது புரிகிறது, மிக்க நன்றி! அடுத்த கணக்கில் அதே எடைத் தோட்டா 300 வேகத்தில் வந்து, அதே கட்டையைத் துளைத்து 100 வேகத்தில் வெளியே போகிறது. கட்டைக்குக் கிடைத்த மொமெண்டம் 0.02 × 200, அதாவது 4. அதை 1.98ஆல் வகுத்தால் வேகம் 2.02, உயரம் 0.21 மீட்டர். சரியா? தோட்டா உள்ளே இல்லாததால் 2.00 போடவில்லை.

செந்தூல் வாத்தியார்:
மிகச் சரி, 1.98 போட்டதைத்தான் முதலில் பார்த்தேன். இன்னும் ஒன்று போட்டுப் பார். ரப்பர் தோட்டா, அதே எடை, 300இல் வந்து மோதி 100 வேகத்தில் திரும்பித் தெறிக்கிறது. திசை மாறுவதால் 100க்கு முன்னால் கழித்தல் குறி வரும், மாற்றம் 200 இல்லை, 400. கட்டையின் வேகம் இரட்டிப்பு, உயரம் நான்கு மடங்கு, சுமார் 0.83 மீட்டர். குறியை விட்டுவிட்டால் 0.21 என்றே எழுதிவிடுவாய், தேர்வில் இந்த இடத்தில்தான் நிறையப் பேருக்கு மதிப்பெண் போகிறது.